அடுப்பு எரிகிற காம்பரா

உயர்தரப் பரீட்சையில் என்னைக் கைவிடாத ஒரே பாடம் புவியியல்தான். ஓர் ஆற்றின் நீரேந்துப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் தரைத்தோற்றம், கைத்தொழில்கள், சனத்தொகை ஆகியவற்றை விவரிக்கச் சொல்லி ஒரு வினா வந்திருந்தது. பக்கத்து மேசைப் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலை நிமிரவே இல்லை. மேலதிகத் தாள் கேட்டு வாங்கி எழுதினேன். எழுதாமல் என்ன? நான் பிறந்து, விழுந்து, முழங்கால் கிழிந்து வளர்ந்ததே அப்படி ஒரு பகுதிக்குள்தானே.

நிவித்திகலவுக்குப் பக்கத்து மலையில் எங்கள் தோட்டம். உச்சியில் காடு. காட்டுக்குக் கீழே தேயிலை. தேயிலைக்கு நடுவில் எங்கள் லயம், காம்பரா என்கிற ஓரறை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற நீளமான பழைய கட்டடம். காட்டிலிருந்து இறங்கும் ஓடை எங்கள் தண்ணீர்க் குழாயான பீலியில் விழுந்து, குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் ஆகி, கீழே றப்பர் மலைக்குள் போகும். அதற்குக் கீழே சிங்களக் கிராமம். பலா மரம், கமுகு, வீட்டோடு ஒட்டிய கொஞ்சத் தேயிலை, பிறகு வயல். வயலுக்குள்ளே மாணிக்கக் குழிகள். மோட்டார் வைத்து ஓயாமல் தண்ணீர் இறைப்பார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது ஓடை சேற்று நிறமாகிவிடும். அப்புறம் சந்தி. முஸ்லிம் ஆட்களின் துணிக்கடை, சில்லறைக் கடை, கல் பார்க்கிற முதலாளிமார். ஓடை அதையும் தாண்டி, எங்கெங்கோ சேர்ந்து, கடைசியில் களு கங்கையில் விழுந்து, இரத்தினபுரியைச் சுற்றிக்கொண்டு களுத்துறைக் கடலுக்குப் போய்விடும்.

தண்ணீர் இறங்குகிற வரிசையிலேயே எங்கள் பகுதிச் சனங்களையும் யாரோ அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் மேலே நாங்கள். மேலே இருக்கிறோம் என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் பீலித் தண்ணீருக்குக் கடல் வரைக்கும் போக வழி இருந்தது. எங்களுக்குப் பெரட்டுக் களம் வரைக்கும்தான். காலையில் வேலையாட்கள் கூடி, கணக்கப்பிள்ளையிடம் பேர் கொடுத்து, மலைக்குப் பிரிந்து போகிற இடம் அது.

பரீட்சைத் தாளில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. காம்பரா எங்களுடையது அல்ல, தோட்டத்துடையது. ஒரு வீட்டில் ஒருவராவது அந்தப் பெரட்டில் பேர் போட்டால்தான் அந்த வீடு நமக்கு. பேர் இல்லாமல் போன வீட்டுக்கு இன்னொரு குடும்பம் வந்துவிடும். அப்பா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தார். அண்ணன் கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே கரைந்துவிட்டான். "நீ வந்து பேர் போடுறியாடா?" என்று அம்மா ஒரு தீபாவளிக்குக் கேட்டபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆக, எங்கள் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது அம்மாவின் பேர் ஒன்றுதான். அவளுக்கோ வயது முடிந்து பேர் வெட்டப்படுகிற வருஷம் வந்துவிட்டது.

நான் அப்போது இரத்தினபுரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போகப் புவியியல் மட்டும் போதாது. ஆனால் கடை வேலை எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சிங்களத்தில் பேரம் பேசுகிற நோனாமாருக்கு அவர்களைவிடச் சுத்தமான சிங்களத்தில் பதில் சொல்லிச் சீலையை விரித்துப் போடுவேன். வாங்காமல் போகிறவர்கள் குறைவு. அதைப் பார்த்துத்தான் முதலாளி ஒருநாள், "மகள், ஓப்பநாயக்கயில புதுக் கட ஒண்டு போடப் போறன். நீங்கதான் நிண்டு பாக்கணும். கடைக்கிப் பின்னால ரூமும் இரிக்கி, உம்மாவையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். அம்மாவின் பேர் வெட்டப்படும்போது நாங்கள் காம்பராவை விட்டுவிட்டு இறங்கிப் போகலாம். பெரட்டில் என் பேர் ஏறவே ஏறாது. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "கட வேல நாளைக்கு இல்லன்னு சொன்னா எங்க போய் நிப்ப? ரோட்டுலயா?" என்றாள். "கட நெலைக்கிற வரைக்கும் காம்பரா இருக்கட்டும். ஆனா ஒன்னு, நீ பேர் போடக் கூடாது. செத்தாலும் போடக் கூடாது."

"அதெப்படி? பேரும் போடக் கூடாது, வீடும் இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கிறேன். நீ சீலய விரி."

இப்படிப் பேசினால் என்ன செய்ய? அவளுடைய வாய்க்கு முன்னால் என்னுடைய வாயெல்லாம் ஒன்றுமே இல்லை.

அந்த வருஷம் மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. வைகாசியில் எங்கள் பக்கம் எப்போதும் கொட்டும்தான், அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவோம், அது பழகிய மழை. இது வேறு. கடைக்கு முன்னால் முதலாளி நின்று ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே, "மகள், ஆத்துத் தண்ணி ஏறிட்டு வருது. ஊட்டுக்குப் போறதெண்டா இப்பவே போங்க. நாளைக்கி பஸ் இரிக்காது" என்றார். மேல் தட்டுக்குத் துணிக்கட்டுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தேன். நான் கடந்த பாலத்தின் மேல் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

தோட்டத்துக்கு வந்தால் லயத்தில் ஒருவரும் இல்லை. லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள்ளே நிலம் வெடித்திருந்தது. கிராம உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு, எல்லாரையும் கீழே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். நான் படித்த அதே பள்ளிக்கூடம். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாய் விரித்து, பாத்திரம் பண்டத்தோடு எங்கள் லயம் முழுக்க ஒரே வகுப்பறையில் கிடந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தலைய தொவட்டுனியா?" அடுத்தது, "ஏன் வந்த?"

அந்த வகுப்பறையின் சுவரில் மாகாணப் படம் ஒன்று தொங்கியது. ஆறுகள் நீலத்தில், தேயிலைக்கு ஓர் இலை, றப்பருக்கு ஒரு மரம், மாணிக்கத்துக்கு மின்னுகிற கல். ஆட்களைக் காட்டச் சிவப்புப் புள்ளிகள். எங்கள் மலையில் ஓர் இலை மட்டும் இருந்தது, புள்ளி இல்லை. வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கீழே பாலத்தைத் தண்ணீர் மூடிவிட்டது. மேலே மலை வெடித்திருக்கிறது. நடுவில் ஒரு வகுப்பறை, ஒரு கழிவறை, எங்கள் அத்தனை பேருக்கும் ஒரு குடம் சுடுதண்ணீர். பிள்ளைகள் கத்தினால் தாய்மார் கத்தினார்கள், தாய்மார் கத்தினால் ஆண்கள் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓப்பநாயக்க கடையில் எந்தச் சீலையை எந்தத் தட்டில் வைப்பது என்று யோசித்து யோசித்துத்தான் நாளைக் கடத்தினேன்.

இதற்குள் ஒரு கூத்து நடந்துகொண்டிருப்பதை நான் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். பொழுது விடிந்ததும் பெண்களில் ஒருத்தி காணாமல் போவாள். வெயில் ஏறுகிற நேரத்துக்கு, வெயில் எங்கே, மழை கொஞ்சம் தணிகிற நேரத்துக்கு நனைந்து திரும்புவாள். ஒருநாள் பக்கத்துக் காம்பரா அக்கா இடுப்பில் ஒரு கொத்துச் சாவியோடு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அக்கா போயிட்டு வாறீங்க?"

"அடுப்பு பத்த வைக்க" என்றாள், பல் விளக்கப் போனேன் என்கிற மாதிரி.

அட கொடுமையே! விஷயம் இதுதான். முன்பு ஒரு காலத்தில் எங்கள் லயத்துக் குடும்பம் ஒன்று கொழும்புக்குப் போய் நெடுநாள் கழித்துத் திரும்பியபோது, காம்பராவில் வேறு பூட்டுத் தொங்கியதாம். அடுப்பு எரியாத வீட்டைத் தோட்டம் எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் அது சட்டம். யாராவது ஊர்ப் பயணம் போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "அடுப்ப பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவிலிருந்து பார்த்தால் எங்கள் கூரைகள் தெரியும். கூரையில் புகை தெரிய வேண்டும். இப்போது லயமே காலியாகக் கிடக்கிறதே என்று பயந்து, முறை வைத்துக்கொண்டு போய் எல்லா வீட்டு அடுப்பையும் எரித்துவிட்டு வருகிறார்கள். ஈர றப்பர் விறகைப் போட்டால் புகை நன்றாக வருமாம், அதற்கு மேல் பச்சை மாணாப் புல்லைப் போட்டால் இன்னும் விசேஷமாம்.

நான் தலையிலடித்துக்கொண்டேன். "மல பொளந்து கெடக்கு. அங்க போய் சமைக்காத அடுப்ப எரிக்கிறீங்களா? பைத்தியமா ஒங்களுக்கு?"

"படிச்ச புள்ள நீ, பேசுவ" என்றாள் அக்கா. கோபப்படக்கூட இல்லை. "எங்களுக்கு ஓப்பநாயக்கயில ரூம் இல்லயேம்மா."

அக்காவை அதோடு விட்டேன். ஆனால் அம்மாவிடம் மட்டும் விடவில்லை. நீ போகாதே, உன் முறைக்கு நான் போகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "நீ அந்தப் பக்கமே வராத. ஒன்ன அங்க பாத்தா, மகளும் லயத்துல தான் இருக்கா, பேர் போடச் சொல்லுன்னு கேப்பாங்க" என்றாள். மூன்று வார்த்தை பேசினால் நாலாவது வார்த்தை பேரில் வந்து நிற்கும். சண்டை போட்டோம். வகுப்பறை முழுக்க வேடிக்கை பார்த்தது.

ஒரு மத்தியானம் மழை வெளுத்து வாங்கியது. சோறு கொடுக்க எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். அம்மா இல்லை. சாவிக்கொத்து அக்காவின் இடுப்பிலும் இல்லை. "காலையில யாரும் போகல்ல. மழைன்னு விட்டுட்டோம். ஒங்கம்மாதான் மனசு கேக்கல்லன்னு..." என்று அக்கா இழுத்தாள். நான் தட்டை அவள் கையில் திணித்துவிட்டு ஏறினேன்.

றப்பர் மலைக்குள் பாதை எது, ஓடை எது என்று தெரியவில்லை. திட்டிக்கொண்டே ஏறினேன். அம்மாவை, அண்ணனை, தோட்டத்தை, ஒரு சாமியையும் மிச்சம் வைக்கவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தால், முதல் சில காம்பராக்களின் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவ்வளவு மழையிலும் வந்தது. எங்கள் காம்பராவுக்குள் அம்மா குந்தியிருந்து, கண் எரிய எரிய ஊதிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. எந்திரிம்மா!"

"இரு, இது புடிக்குது. இன்னும் ரெண்டு வீடு தான்."

"வீடு வீடுன்னு சாகப் போறியா? இந்த இடிஞ்ச காம்பரா ஒனக்கு என்னத்த கிழிச்சிச்சு?"

அம்மா ஊதுவதை நிறுத்தினாள். முகமெல்லாம் கரி. "எனக்கு ஒன்னும் கிழிக்கல்ல. இந்தக் காம்பரா போச்சுன்னா தோட்டத்துல வேற காம்பரா தருவான். தரும்போது யாரு பேர கேப்பான்? என் பேரயா? என் பேரு வருசக் கடசியில போகப் போற பேரு. ஒன் பேரத்தான் கேப்பான். இது இருக்குற வரைக்கும் ஒன்ன யாரும் கேக்க மாட்டாங்கடி. நீ பாட்டுக்கு ஒன் கடைக்குப் போயிடுவ." இவ்வளவையும் கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பவும் அடுப்பை ஊதினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஊதியிருப்பேனோ என்னவோ. ஆனால் அப்போதுதான் வெளியே ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்னவென்று புரியச் சற்று நேரமானது. பீலியின் சத்தம் நின்றிருந்தது. அப்படி ஒரு மழையில் பீலி நிற்குமா? வெளியே ஓடிப் பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீருக்குப் பதிலாகச் சிவப்புச் சேறு கொழகொழவென்று வழிந்துகொண்டிருந்தது. ஊற்று நின்று சேறு வந்தால் ஓட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். அம்மாவுக்கும் தெரியும். பார்த்த உடனே அவளே என் கையைப் பிடித்து இழுத்தாள்.

றப்பர் மலை வரைக்கும் விழுந்தடித்து வந்துவிட்டோம். பின்னால் மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது தேயிலை மலை மடிந்து இறங்கிக்கொண்டிருந்தது. பீலியும், லயத்தின் ஒரு பக்கமும், எங்கள் காம்பராவும் மண்ணுக்குள் போயின. அம்மா சாவிக்கொத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் அதற்காகச் சாமிக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மழை விட்டபின் துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர், நல்ல மாதிரிப் பேசுகிற சிங்களப் பையன். நடந்ததை விசாரித்தபோது, ஆபத்தான இடத்துக்கு ஏன் போனீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அடுப்பைச் சொன்னாள், கூரைப் புகையைச் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. நான் சிங்களத்தில் விளக்கினேன்.

"தும? கவுத தும பலன்னே?" என்றார். புகையா, புகையை யார் பார்க்கிறது என்று. கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பங்களாவிலிருந்து எங்கள் கூரை தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்கா எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். இத்தனை வருஷமாக எரித்த விறகையும், ஊதி ஊதிப் போன கண்களையும் நினைத்து, எனக்கு அந்தப் பையனைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது. அவன் என்ன செய்வான்?

பிறகு அவர் காம்பரா விஷயத்துக்கு வந்தார். அடுத்த மலை லயத்தில் காலியாகக் கிடப்பவற்றை எங்களுக்குத் தருவார்கள். பெரட்டில் தொடர்ந்து நிற்கிற பேர் உள்ள வீட்டுக்குத்தான் தருவார்கள். அம்மாவைப் பார்த்து, "அம்மாட பேரு இந்த வருசம் முடியுதுதானே? வேற யார் இருக்கு?" என்று தமிழிலேயே கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டு, "யாரும் இல்லங்க" என்றாள். மகள் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று நான் சொன்னேன். எனக்குத்தான் ஓப்பநாயக்க இருக்கிறதே. போனுக்கு சார்ஜ் ஏற்றி, சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று முதலாளியைக் கூப்பிட்டேன். கடைக்குள் தண்ணீர் மேல் தட்டுக்கும் ஏறிவிட்டதாம். நான் ஏற்றி வைத்த துணிக்கட்டுகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. மனுஷன் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். "உம்மா எப்பிடி? ஊடு எப்பிடி?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "மகள், ஓப்பநாயக்க கதைய இப்ப உட்டுடுங்க. இங்கயும் இனி எப்ப திறக்கிறதெண்டு அல்லாஹ்க்குத்தான் தெரியும். மனசுல ஒண்டும் வச்சிக்காதீங்க" என்றார். என்ன வைத்துக்கொள்ள? எங்கள் மலையில் பெய்த அதே மழைதானே இறங்கிப்போய் அவர் கடைக்குள் நுழைந்தது.

பாறையிலிருந்து இறங்கியபோது அம்மா கீழே நின்றுகொண்டிருந்தாள். நான் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். "கொழும்புக்குப் போயிடு. அண்ணன் வீட்டுல கொஞ்ச நாளு இரு" என்றாள். "நீ?" என்றேன். "நான் எப்படியாவது" என்றாள். பள்ளிக்கூடத்தை அடுத்த வாரம் பிள்ளைகளுக்குத் திறக்கப் போகிறார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்குப் போனேன். எனக்குத் தெரியாமல் அம்மா பின்னாலேயே வந்திருந்தாள். களத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை பேர் கேட்டார். சொன்னேன். கேட்கவில்லை என்று திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றுகிற படங்கு என்னிடம் இல்லை. அம்மா தன்னுடையதை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றினாள். முன்னால் வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, முடிச்சுப் போட்டாள். சரியில்லை என்று அவிழ்த்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அவிழ்த்தாள். மற்றப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்கள். கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

"விடும்மா, கூப்பிடுறாங்க" என்றேன்.

அவள் முடிச்சை விடவில்லை.